இரங்கல்: பழைய டீசல் எஞ்சின்களின் ஓசையும் ஆற்றலும்

ஓசை குறித்து வழங்கும் உரிச்சொற்களைத் தொகுத்துரைக்குமிடத்துத் தொல்காப்பியர், துவைத்தல், சிலைத்தல், இயம்பல், இரங்கல் என்னும் நான்கனையும் ஓரினமாக வைத்துக் கூறுவர். அவ்வளவில் அமையாது, அந்நான்கனுள் இரங்கல் என்பது கழிந்துபோன பொருள்பற்றி எழும் வருத்தத்தையும் உணர்த்தும் என்று மற்றொரு விதியும் வகுப்பர். ஒலித்தலுக்கும், கழிந்ததை எண்ணி வருந்துதலுக்கும் ஒரு சொல்லே பொதுவாயிற்று. இவ்விதியை ஆண்டுதோறும் மாணவர்க்குக் கற்பித்து வந்த யான், அதன் பொருளை உள்ளவாறு உணர்ந்தது செங்கோட்டைப் புகைவண்டி நிலையத்தின் நடைமேடையில் நின்றபொழுதேயாம்.

செங்கோட்டையிலிருந்து மேற்குத் தொடர்ச்சி மலையைக் கடந்து புனலூர்க்குச் செல்லும் இருப்புப்பாதை 1904ஆம் ஆண்டில் திறக்கப்பெற்றது. மீட்டர் பாதையாகிய அவ்வழி, ஆரியங்காவு, தென்மலை முதலிய இடங்களைத் தொட்டு, குகைகளுள் நுழைந்தும், கழுதுருட்டியில் பதின்மூன்று கண்களையுடைய கற்பாலத்தின்மீது ஏறியும் செல்வது. 2000ஆம் ஆண்டை ஒட்டிய என் கல்லூரி நாள்களில், அம்மலை ஏறும் வண்டிக்கு முன்னே ஒரு டீசல் எஞ்சினும் பின்னே ஒரு டீசல் எஞ்சினும் பூட்டப்பெறும். முன்னது இழுக்கும், பின்னது தள்ளும். முன்னுள்ள ஓட்டுநர் ஊதல் ஒலியால் குறிப்புக் காட்டப் பின்னுள்ளவர் ஊதல் ஒலியால் விடை தருவார். பின்னர் இரண்டும் ஒருங்கே குரல் எடுக்கும். பெட்டியினுள் இருப்போர்க்கு அவ்வோசை செவியில் மட்டும் படுவதன்று. இருக்கைப் பலகையின் வழியே முதுகெலும்பில் ஏறும். வண்டியோ நடந்து செல்பவனும் உடன்வரத்தக்க விரைவில் ஊர்ந்துகொண்டிருக்கும். 2010ஆம் ஆண்டில் அம்மீட்டர் பாதை மூடப்பெற்று, அகலப்பாதையாக்கப்பட்டு, 2018இல் மீண்டும் திறக்கப்பட்டது. திறந்தபின் ஒருநாள் யான் அங்குச் சென்று நின்றேன். பாதை அகன்றிருந்தது, வண்டி நீண்டிருந்தது, மலை அதுவே. ஓசை வேறாய் இருந்தது. அவ்வேறுபாட்டைச் சொல்லில் வடிக்க முயன்றபொழுதுதான் இக்கட்டுரைக்குரிய வினா எழுந்தது: ஒரு பொறியின் ஓசை மறைந்ததற்கு மாந்தர் வருந்துவது ஏன்? அவ்வருத்தத்தில் வரலாற்றுக்குரிய செய்தி யாதேனும் உண்டா?

முதற்கண் அவ்வெஞ்சின்களின் வரலாற்றைச் சுருங்கக் காண்போம். இரண்டாம் ஐந்தாண்டுத் திட்டக் காலத்தில், உருக்காலைகளுக்கு வேண்டும் இரும்புத் தாதினையும் நிலக்கரியினையும் ஏற்றிச் செல்ல நீராவி எஞ்சின்களின் ஆற்றல் போதாதாயிற்று. அந்நிலையில் 1957ஆம் ஆண்டு தொடங்கி அமெரிக்க நாட்டின் ஆல்கோ நிறுவனத்திலிருந்து 1,950 குதிரைத்திறன் கொண்ட டீசல் எஞ்சின்கள் நூறு வருவிக்கப்பெற்றன. நியூயார்க் மாநிலத்துச் செனக்டடி நகரில் இருந்த அந்நிறுவனம், 1901இல் பல நீராவி எஞ்சின் தொழிற்சாலைகள் ஒன்று சேர்ந்து உருவானது. 1962இல் அதே நிறுவனத்தின் 2,600 குதிரைத்திறன் எஞ்சின் இந்தியாவுக்கு வந்தது. டபிள்யூ.டி.எம்.-2 என்னும் பெயர் பூண்ட அது, பின்வந்த முப்பது ஆண்டுகளுக்கு இந்திய இருப்புப்பாதையின் பெருங்குரலாக விளங்கிற்று. அகலப்பாதை, டீசல், பயணிவண்டிக்கும் சரக்கு வண்டிக்கும் பொது என்பனவற்றையே அம்மூன்றெழுத்தும் குறிக்கும். அதே காலத்தில் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் எஞ்சின்கள் எழுபத்திரண்டும் வந்தன. எனினும், இந்நாட்டிலேயே எஞ்சின் செய்வதற்குரிய நுட்பத்தை வழங்க ஆல்கோ இசைந்தமையின், வாரணாசியில் 1961இல் நிறுவப்பெற்ற டீசல் எஞ்சின் தொழிற்சாலை ஆல்கோவின் வழியையே மேற்கொண்டது. அங்கு உருவான முதல் எஞ்சின் 1964 சனவரியில் வெளிவந்தது. காலப்போக்கில் இவ்வகையில் 2,000க்கும் மேற்பட்டவை செய்யப்பெற்றன. மீட்டர் பாதைக்குரிய தம்பியாகிய ஒய்.டி.எம்.-4, முதலில் வெளிநாட்டிலிருந்து வந்து, 1968 முதல் வாரணாசியிலும் செய்யப்பெற்றது. செங்கோட்டை மலையில் யான் கேட்டது இத்தம்பியின் குரலையே. 1977 ஆகஸ்டு 15ஆம் நாள் மதுரைக்கும் சென்னைக்கும் இடையே ஓடத் தொடங்கிய வைகை விரைவு வண்டியின் புகழுக்கும் இவ்வகை எஞ்சினே காரணமாயிற்று.

இவ்வரலாற்றில் வியத்தற்குரிய செய்தி ஒன்றுண்டு. செனக்டடியில் ஆல்கோ நிறுவனம் 1969இல் எஞ்சின் செய்வதை நிறுத்திவிட்டது. தாய் மாண்டபின்னும் வாரணாசியில் வளர்ந்த பிள்ளை ஏறத்தாழ அரை நூற்றாண்டு அதே குரலில் பேசிற்று. 3,100 என்றும் 3,300 என்றும் அதன் குதிரைத்திறன் உயர்த்தப்பட்டது, அடிப்படை மாறவில்லை. அமெரிக்கர் தம் மண்ணில் அரிதாகவே கேட்கக்கூடிய ஓசையை நம்மவர் நாள்தோறும், அதன் அருமை அறியாமலே, கேட்டுக்கொண்டிருந்தனர். 1962ஐ ஒட்டித் தொழிற்சாலைக்குரிய உடன்பாட்டைப் பெறாத ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் வகையே 1999 முதல் மீண்டும் இந்நாட்டுள் புகுந்து ஆல்கோவின் இடத்தைக் கைக்கொண்டது. வெற்றி தோல்விகளைக் கணக்கிடுவோர் நாற்பது ஆண்டேனும் பொறுத்திருத்தல் நன்று போலும்.

இனி ஓசையின் இயல்பைக் காண்போம். டீசல் எஞ்சின் எண்ணெயை எரித்து நேரே சக்கரத்தைச் சுழற்றுவதன்று. எஞ்சின் சுழற்றுவது ஒரு மின்னாக்கியை. அம்மின்னாக்கி தரும் மின்சாரமே சக்கர அச்சுகளில் உள்ள மோட்டார்களை இயக்குவது. ஆகவே எஞ்சினின் விரைவும் சக்கரத்தின் விரைவும் ஒன்றையொன்று பற்றி நில்லா. நீராவி எஞ்சினில் நிலை வேறு. ஆங்குச் சக்கரம் ஒருமுறை உருள, புகைபோக்கி இத்தனை முறை மூச்செறியும் என்னும் கணக்குண்டு. மெல்ல ஓடின் மூச்சும் மெல்ல வரும். டீசல் எஞ்சினோ, வண்டி நிலத்தைவிட்டு அசையாத நிலையிலும் முழு ஆற்றலோடு முழங்க வல்லது. மலைமேல் ஊர்ந்து செல்லும் வண்டி இடிபோல் குமுறுவதன் காரணம் இதுவே. கண்ணுக்குத் தோன்றும் விரைவுக்கும் செவிக்குத் தோன்றும் ஆற்றலுக்கும் இடையே உள்ள இப்பெரிய இடைவெளியிலேதான் அதன் வீறு பிறந்தது என்பது என் கருத்து.

ஓட்டுநரின் கைப்பிடிக்கு எட்டு நிலைகள் உண்டு. அவற்றை நாட்ச் என்று தொழிலாளர் வழங்குவர். ஓய்ந்து நிற்கும்பொழுது டபிள்யூ.டி.எம்.-2 எஞ்சின் நிமிடத்திற்கு ஏறத்தாழ 400 முறை சுழலும். எட்டாம் நாட்சில் 1,000 முறை. பதினாறு சிலிண்டர்களும் இரண்டு சுழற்சிக்கு ஒருமுறை வெடிப்பன ஆதலின், ஒரு சுழற்சிக்கு எட்டு வெடிப்பு. முழு விரைவில் நிமிடத்திற்கு 8,000 வெடிப்பு. ஆறு சிலிண்டர்களையே உடைய மீட்டர் பாதை எஞ்சினில் ஒரு சுழற்சிக்கு மூன்று வெடிப்பே உண்டு. அதனால் அது நிற்கும்பொழுது எழும் அடிகளைச் செவி ஏறக்குறைய தனித்தனியே பிரித்தறியும். பறையைத் தொலைவில் கேட்டாற்போன்ற அத்துடிப்பு, நிலையத்தை அடுத்த வீடுகளில் பரண்மேல் அடுக்கிய எவர்சில்வர் பாத்திரங்களை மெல்ல நடுங்கச் செய்யும். பின்வந்த ஜெனரல் மோட்டார்ஸ் வகையிலோ ஒவ்வொரு சிலிண்டரும் ஒவ்வொரு சுழற்சியிலும் வெடிக்கும். பதினாறு சிலிண்டர், ஏறத்தாழ 900 சுழற்சி. நிமிடத்திற்கு 14,400 வெடிப்பு. அடிகள் ஒன்றோடொன்று கலந்து ஒரே முரலொலி ஆகிவிடுகின்றன. 2018இல் செங்கோட்டையில் யான் உணர்ந்த வேறுபாட்டின் அடிப்படை இந்த எளிய கணக்கே.

ஆல்கோ எஞ்சினுக்குரிய மற்றோர் அடையாளம் அதன் கரும்புகை. வெளிச்செல்லும் புகையின் வேகத்தால் சுழன்று, உள்ளே காற்றைத் திணிக்கும் டர்போ என்னும் உறுப்பு அதில் உண்டு. ஓட்டுநர் கைப்பிடியை முன்னே தள்ளியவுடன் எண்ணெய் விரைந்து வந்துவிடும். டர்போ சுழன்று காற்றைத் தருவதற்குச் சிறிது நேரமாகும். அவ்விடைவெளியில் எண்ணெய் முற்றும் எரியாமல் கரும்புகையாய் வானில் எழும். பின்னர் டர்போவின் சீழ்க்கை மெல்லத் தொடங்கி உயர்ந்து செல்லும், புகை வெளிறும், வண்டி நகரும். புகை, சீழ்க்கை, அசைவு என இம்மூன்றும் இம்முறையே நிகழ்வதை எத்தனை முறை கண்டாலும் நிலையத்துச் சிறுவர்க்குச் சலித்ததில்லை. பொறியியலார் இதனைக் குறையென்பர். அது குறையே. அக்குறையே அதன் அழகாகவும் நினைவில் தங்கிற்று.

புகைவண்டி என்னும் பெயர்பற்றி ஈண்டு ஒன்று கூறுதல் பொருந்தும். நீராவி எஞ்சினைக் கண்டு தமிழர் இட்ட பெயர் அது. டீசல் வந்தபின்னும் புகை இருந்தமையால் பெயர் பொய்யாகவில்லை. மின்சார எஞ்சினே அதனைப் பொய்யாக்கிற்று. ஆயின் ஓசையைப் பொறுத்தவரை மொழி டீசலை ஏற்றுக்கொள்ளவே இல்லை. இன்றும் சிறுவர் ஒருவர் சட்டையை ஒருவர் பிடித்து வண்டி விளையாடுங்கால், குப்குப் என்றும் கூவென்றும் நீராவி எஞ்சினின் ஓசையையே எழுப்புகின்றனர். அகலப்பாதையில் நீராவி எஞ்சினின் பணி 1995இல் முடிந்துவிட்டது. அச்சிறுவருள் ஒருவரேனும் அதனைக் கேட்டவரல்லர். இடையில் நாற்பது ஆண்டு நாடெங்கும் முழங்கிய டீசல் எஞ்சினுக்குத் தமிழில் நிலைபெற்ற இரட்டைக்கிளவி ஒன்றும் தோன்றவில்லை. நின்று துடிப்பதைத் துவைத்தல் என்றும், சுமையோடு எழுவதைச் சிலைத்தல் என்றும், டர்போவின் நீண்ட சீழ்க்கையை இயம்பல் என்றும் யான் குறித்துப் பார்த்ததுண்டு. அது வலிந்து பொருத்துவதே என்பதை ஒப்புக்கொள்கிறேன். தொல்காப்பியர் அச்சொற்களை அவ்வாறு பிரித்துக் கூறவில்லை. எனினும், பெயரிடப்படாத ஓசை விரைவில் மறக்கப்படும் என்னும் அச்சமே என்னை அம்முயற்சியில் தூண்டியது.

பெயரிடாதவர் பொதுமக்கள். தொழிலாளர் அவ்வோசையை எழுத்தெண்ணிப் படித்தவர். என் தாய்மாமனார் தென்னகத்து டீசல் பணிமனை ஒன்றில் முப்பது ஆண்டுக்கு மேல் பிட்டராகப் பணியாற்றியவர். இரும்புக்கம்பி ஒன்றின் ஒருமுனையை ஓடும் எஞ்சினின் உடம்பில் ஊன்றி, மறுமுனையைச் செவியோடு சேர்த்து வைத்துக்கொண்டு, எந்தச் சிலிண்டரில் பழுது என்று சொல்லுவார். எண்ணெய் சிதறவிடும் ஊசி அடைத்துக்கொண்டால் ஓர் ஓசை. தாங்கி தேய்ந்தால் மற்றோர் ஓசை. டர்போவின் இறகு சிதைந்தால் அதன் சீழ்க்கையில் ஒரு கரகரப்பு. மருத்துவன் நாடி பிடித்தாற்போன்று அவர் பிடித்த நாடிகள் ஓராயிரம் இருக்கும். யான் இளமையில் ஒருமுறை, எல்லாம் ஒரே இரைச்சலாகத்தானே மாமா இருக்கிறது என்று கேட்டேன். உனக்கு மலையாளம் எப்படியோ அப்படி என்றார். செங்கோட்டைக்காரனிடம் அவ்வாறு கூறியது பொருந்தாது. எங்கள் ஊரில் மலையாளம் விளங்காதவர் குறைவு. ஆயினும் அவர் கருத்து விளங்கிற்று. அது மொழி, கற்றார்க்கு மட்டும் பொருள் தருவது.

அறுபது வயதுக்கு முன்னரே அவருடைய செவிப்புலன் பெரிதும் மங்கிவிட்டது. அக்காலத்தில் காதுக்கு அடைப்பு வைத்துக்கொண்டு பணி செய்தவரை அவர் கண்டதில்லை. அடைத்துக்கொண்டால் எஞ்சினைக் கேட்பது எங்ஙனம் என்பதும் அவர் வினா. பழைய டீசலின் ஓசையை இனிது என்று போற்றுவோர் இதனை மறத்தலாகாது. நடைமேடையில் இரண்டு நிமிடம் கேட்டவர்க்கு அது இசை. அதன் அருகே நாள் முழுதும் நின்றவர்க்கு அது கூலியோடு வந்த நோய். புகையும் அத்தகையதே. நிலையத்தை ஒட்டிய தெருக்களில் காயவைத்த வெள்ளைத்துணி மாலைக்குள் சாம்பல் நிறமாகும் என்பதை எங்கள் வீட்டுப் பெண்டிர் நன்கறிவர். இருப்புப்பாதைகள் முழுவதையும் மின்மயமாக்குவது என 2018இல் நடுவணரசு முடிவு செய்ததைக் குறைகூற என்னால் இயலாது. இறக்குமதி எண்ணெயின் செலவும் காற்றின் தூய்மையும் நோக்க அது தக்க முடிவே.

ஆயின் வருத்தம் நியாயங்களைக் கேட்டு அடங்குவதன்று. அதன் பொருளை ஆராயின், மாந்தர் இழந்ததாகக் கருதுவது ஆற்றலை அன்று என்பது தெளிவாகும். இன்று விரைவு வண்டிகளை இழுக்கும் மின்சார எஞ்சின் 6,000 குதிரைத்திறனைக் கடந்தது, பழைய டபிள்யூ.டி.எம்.-2ஐ நோக்க இரு மடங்குக்கு மேல். அது இருபத்துநான்கு பெட்டிகளை ஒரு முனகலோடு எடுத்துச் செல்கிறது. அதன் ஆற்றல் பிறக்குமிடம் எங்கோ ஒரு மின்நிலையத்தில் உள்ளது. கம்பிவழி வந்து சேர்கிறது. டீசல் எஞ்சினிலோ ஆற்றல் பிறக்குமிடமும் செலவாகுமிடமும் ஒன்றே. ஏறத்தாழ 113 டன் எடையுள்ள அவ்விரும்புடம்புக்குள் நிகழும் உழைப்பை வழியில் நின்ற ஆடு மேய்ப்பவனும் அறிந்தான். சுமை மிகுதியா குறைவா, ஏற்றமா இறக்கமா, ஓட்டுநர் தேர்ந்தவரா புதியவரா என்பனவெல்லாம் ஊரார்க்கு ஓசையால் விளங்கின. மறைந்தது அந்த அறிவு. உழைப்பைக் காணவும் கேட்கவும் இயன்ற காலத்தின் ஒரு பகுதி அதனோடு மறைந்தது.

இவ்வருத்தம் பிரிவினால் விளைவதேயன்றிப் பழமையினால் விளைவதன்று என்பதற்கு இலங்கை ஒரு சான்று. கொழும்புத் திட்டத்தின்கீழ்க் கனடா நாடு 1954 முதல் வழங்கிய டீசல் எஞ்சின்கள் ஆங்குண்டு. ஒன்டாரியோ, ஆல்பர்ட்டா எனக் கனடாவின் மாநிலப் பெயர்களை அவை தாங்கியவை. எழுபது ஆண்டு நெருங்கியும் அவற்றுள் சில பணியாற்றி வந்தன. வண்டியில் ஏறும் ஊரார் அவற்றை எண்ணி இரங்குதற்கு இடமில்லை. நேரத்திற்கு வரவில்லையே என்றுதான் நொந்துகொள்வர். கடல்கடந்து வரும் எஞ்சின் அன்பர்களே, தம் நாட்டில் அவ்வினம் அற்றுப்போனமையால், ஒலிப்பதிவுக் கருவியோடு பாதையோரத்தில் காத்து நிற்கின்றனர்.

நம் நாட்டில் ஆல்கோ வழிவந்த எஞ்சின்களைச் செய்வது 2010களின் நடுப்பகுதியோடு முடிவுக்கு வந்தது. 2018இல் வாரணாசியில் அவ்வினத்துப் பழைய எஞ்சின்களின் உள்ளுறுப்பைக் களைந்து மின்சார எஞ்சின்களாக மாற்றியும் பார்த்தனர். அத்தொழிற்சாலையே 2020இல் பெயர் மாறி, டீசல் என்னும் சொல்லை நீக்கிக்கொண்டது. பணியினின்று விலக்கப்பட்டவற்றுள் மிகப்பல பழைய இரும்பாக விலைபோயின. சில அருங்காட்சியகங்களிலும் அலுவலக வாயில்களிலும் புதுவண்ணம் பூசி நிறுத்தப்பட்டுள்ளன. திருச்சிராப்பள்ளிப் பொன்மலைப் பணிமனை, நீலகிரி மலைப்பாதைக்கெனப் புதிய நீராவி எஞ்சின்களைச் செய்து தந்திருக்கிறது. அப்பாதை 2005இல் உலக மரபுச் சின்னமாக ஏற்கப்பெற்றமையின் நீராவியின் குரல் காக்கப்பட்டது. டீசலுக்கு அந்நற்பேறு இன்னும் வாய்க்கவில்லை. நின்ற எஞ்சின் கல்வெட்டைப் போன்றதன்று. கல்வெட்டை எத்தனை நூற்றாண்டு கழித்தும் படிக்கலாம். இயங்காத எஞ்சினைப் பார்த்து அதன் ஓசையைப் படித்தல் இயலாது. கல்வெட்டுகளைப் படியெடுப்பதற்கு ஒரு துறை வைத்திருக்கும் நாம், கம்பியைச் செவியில் வைத்துப் பழுதறிந்த தொழிலாளரின் அறிவைக் கேட்டு எழுதிவைப்பதற்கு ஒரு குறிப்பேடும் வைத்திருக்கவில்லை. அவர்கள் பெரும்பாலும் எழுபதைக் கடந்தவர்கள்.

சென்ற கோடையில், மலை ஏறும் பழைய மீட்டர் பாதை எஞ்சினின் ஒலிப்பதிவு ஒன்றைப் பெற்று மாமனாரிடம் கொண்டுசென்றேன். கைப்பேசியை அவர் காதருகே வைத்து ஒலிக்கச் செய்தேன். தலையைச் சாய்த்துச் சிறிது நேரம் இருந்தார். பின்னர்க் கையசைத்தார்; கேட்கவில்லை என்பது குறிப்பு. ஓசை ஓடிக்கொண்டே இருந்தது.

"எத்தனையாம் நாட்சில் போகிறது?" என்று என்னைக் கேட்டார்.

எனக்குச் சொல்லத் தெரியவில்லை.